ஏசி ஃபேன் மோட்டார் நின்றால்: பேரிங்கா, காயிலா, புது மோட்டாரா, புது ஏசியா?

போன வருடம் மார்ச் மாதக் கடைசி. ஐப்பசி மழையில் நிறுத்திய ஏசியை ஐந்து மாதம் கழித்து அன்றைக்குத்தான் போட்டோம். ஐந்து நிமிடம் குளிர்ந்தது. அப்புறம் வெறும் காற்று. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தால் வெளி யூனிட்டில் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருக்கிறது, ஃபேன் மட்டும் அசையவில்லை. பக்கத்துத் தகட்டில் கை வைக்க முடியாத சூடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே டக்கென்று கம்ப்ரசரும் நின்றது.

வீடு திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகிற சாலையில். கீழே கட்டிலில், பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுத்திருக்கும் அம்மா. வெயில் ஏறினால் முதுகு வேர்க்கும். வேர்த்த இடம் புண்ணாகும். ஏசி இல்லாமல் அந்த அறையில் ஒரு பகலைத் தாண்டுவதே பெரும்பாடு.

அன்று மாலைக்குள் மூன்று யோசனைகள் வந்துவிட்டன. பார்க்க வந்த மெக்கானிக், "மோட்டார் எரிஞ்சுபோச்சு சார், புதுசுதான் மாட்டணும். அதக் கழட்டுனா கேஸும் போயிடும், அதையும் சேத்துப் பாத்துக்குங்க" என்றார். சித்தப்பா, "எதுக்குடா புதுசு? காயில் கட்டிட்டா முடிஞ்சுது. நம்ம ஊர்ல கட்டாத மோட்டாரா?" என்றார். அதாவது, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது. மயிலாடுதுறையிலிருந்து அக்கா போனில், "ஒம்பது வருஷம் ஆச்சுல்ல தம்பி, புது ஏசியே வாங்கிடேன்" என்றாள்.

மூன்றுமே ஏதோ ஒரு வீட்டுக்குச் சரியான யோசனைதான். ஆனால் மோட்டார் எதனால் நின்றது என்று பார்க்காமல் சொன்ன யோசனைகள். இந்த இரண்டு வெயில் காலத்துக்குள் எங்கள் வீடு, அக்கா வீடு, கும்பகோணத்தில் மாமா வீடு என்று மூன்று ஏசிகளுக்கு ஃபேன் மோட்டார் வேலை பார்த்தாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முடிவு எடுக்க வேண்டிவந்தது. இதே நிலையில் நிற்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேஸ் விஷயம். வெளி ஃபேன் மோட்டாருக்கும் கேஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேஸ் ஓடுவது கம்ப்ரசரிலும் செம்புக் குழாயிலும், சூட்டை வெளியே விடுகிற தகடுத் தொகுதியான கண்டென்சரிலும். மோட்டார் தனியாக ஒரு தாங்கியின் மேல் நான்கு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் போவது ஒயர் மட்டும்தான். ஒரு குழாயைக்கூடத் தொடாமல் கழற்றி மாட்டிவிடலாம். மோட்டார் மாற்றும்போது கேஸ் போடணும் என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். கசிவு இல்லாமல் கேஸ் குறையாது.

அடுத்தது, ஃபேன் சுற்றாத ஏசியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். அந்த ஃபேன் மோட்டார் சில பத்து வாட்ஸ் சமாச்சாரம். ஒன்றரை டன் ஏசியில் கம்ப்ரசர் ஆயிரத்து ஐந்நூறு வாட்ஸை ஒட்டி இழுக்கும். ஃபேன் நின்றால் சூடு வெளியேற வழியில்லாமல் குழாய்க்குள் அழுத்தம் ஏறும், கம்ப்ரசரைக் காக்கிற ஓவர்லோடு சுவிட்ச் வெட்டும், ஆறியதும் மறுபடி ஓடும், மறுபடி வெட்டும். இப்படியே இரண்டு நாள் ஓட்டினால் சின்ன மோட்டாருக்காகப் பெரிய கம்ப்ரசரையே பலி கொடுக்க வேண்டிவரும். எதிரே டேபிள் ஃபேன் வைத்து ஓட்டுகிறவர்களையும், வாளித் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் மின்சாரப் பெட்டி இருக்கிறது. நாங்கள் ஏசிக்குக் கரண்டை நிறுத்தும் சுவிட்சான எம்சிபியை இறக்கிவிட்டு, ஜன்னலில் நனைத்த வேட்டியைக் கட்டி, பெடஸ்டல் ஃபேனை அதன் எதிரே வைத்து அந்த இரவைக் கடத்தினோம்.

மறுநாள் காலையில் சித்தப்பாவே பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் அண்ணனைக் கூட்டிவந்தார். அவர் கையில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்தார். மெயினை நிறுத்திவிட்டு, முன்பக்கக் கம்பி வலைக்குள் குச்சியை விட்டு ஃபேன் இறக்கையைத் தள்ளினார். நல்ல மோட்டாராக இருந்தால் ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று சுற்று சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். எங்களுடையது கால் சுற்றுகூடப் போகவில்லை. மாவு அரைக்கிற கல் மாதிரி இறுகி நின்றது. "காயிலு இருக்கட்டும் தம்பி, மொதல்ல பேரிங்கப் பாப்போம்" என்றார்.

இந்தக் குச்சிப் பரிசோதனையைப் பழைய மாடல், அதாவது இன்வெர்ட்டர் (கம்ப்ரசர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வகை) இல்லாத ஏசி வைத்திருக்கிற யாரும் செய்து பார்க்கலாம். கரண்டு இல்லாமல் தள்ளும்போது இறுக்கமாக இருந்தால் பேரிங். லேசாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்டு கொடுத்தால் 'ம்ம்' என்று முனகிக்கொண்டு நிற்கிறது, குச்சியால் ஒரு தட்டு தட்டியதும் ஓடத் தொடங்குகிறது என்றால் அது மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர். லேசாகச் சுற்றியும் கரண்டுக்கு அசைவே இல்லை, முனகலும் இல்லை, கருகிய வாடை வருகிறது என்றால் காயில். கரண்டு இருக்கும்போது குச்சியைத் தவிர எதையும் உள்ளே விடக் கூடாது. விரல் போய்விடும்.

கெப்பாசிட்டர் என்றால் கதை சின்னது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி; மேலே 2.5, 3 என்று மைக்ரோஃபாரட் எண்ணும் 440 அல்லது 450 வோல்ட் என்றும் எழுதியிருக்கும். மீட்டரில் வைத்துப் பார்த்து, எழுதியிருப்பதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். அதே எண்தான் போட வேண்டும். 'கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஓடட்டும்' என்று 2.5 இருந்த இடத்தில் 4 போட்டால் காயில் சூடாகிச் சாகும். நூறு இருநூறு ரூபாயில் முடிகிற வேலை இது. எரிந்தது என்று சொல்லப்பட்டுக் கழற்றப்படுகிற மோட்டார்களில் உண்மையில் இந்தப் பெட்டி மட்டும் போனவையும் இருக்கின்றன என்பதால், வேறு எந்த முடிவுக்கும் முன்னால் இதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் மோட்டாரைக் கழற்றியதே ஒரு பாடம். இறக்கையைப் பிடித்திருந்த நட்டை நான் வழக்கம்போல இடப்பக்கமாகத் திருப்பினேன், இன்னும் இறுகியது. "விடுங்க, அது மாத்துமரை" என்றார் அண்ணன். ஃபேன் சுற்றும் வேகத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகப் பல வெளி யூனிட்டுகளில் அங்கே மரையை மாற்றிப் போட்டிருப்பார்கள்; வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் அழுத்தி மரையைத் தேய்த்துவிட்டால் மோட்டாரின் நடு அச்சான ஷாஃப்டையே இழக்க வேண்டியதாகும். நட்டு வந்ததும் இறக்கை வரவில்லை. ஷாஃப்டோடு துருப்பிடித்து ஒன்றாகியிருந்தது. துரு எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்து, இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து மெல்ல மெல்ல நெம்பி எடுத்தோம்.

திண்ணையில் தினத்தாள் விரித்து மோட்டாரைப் பிரித்தபோது முன்பக்கப் பேரிங்கில் கிரீஸ் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. காய்ந்த காப்பித்தூள் மாதிரி ஒரு பழுப்புப் பொடி. ஷாஃப்டின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். அண்ணன் நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். உப்பு.

1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய கரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இன்றும் அங்கே உப்பளம்தான். தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் காற்று இரும்பின் மேல் எதை வைத்துவிட்டுப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஜன்னல் கம்பியே சாட்சி. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஏசி ஓடுகிற மாதங்களில் மோட்டார் சூட்டில் அந்த ஈரம் காய்ந்துவிடும். ஐப்பசியிலிருந்து மாசி வரை ஓட்டாமல் விடும்போதுதான் பேரிங் உள்ளுக்குள் அரித்துப்போகிறது. வெயிலில் ஓடித் தேய்ந்து நின்றுவிட்டது என்று நாம் நினைக்கிற மோட்டார், அதற்கு முந்தைய மழையில் சும்மா நின்றபோதே பாதி செத்துவிட்டது.

உள்ளே தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் உப்பு இவ்வளவு இல்லை. அங்கே தை, மாசியில் சம்பா அறுவடை மிஷின் ஓடும்போது பறக்கிற நெல் சுணை. கண்டென்சர் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி அப்பிக்கொள்ளும். காற்று போக வழியில்லாமல் ஃபேன் மோட்டார் வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி நின்று வேகும். எங்கள் வீட்டில் கூடுதலாக இன்னொன்று. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயலில் யூனிட் தாங்கியோடு சாய்ந்து, இறக்கையின் ஒரு முனை லேசாக வளைந்திருந்தது. 'சத்தம்தானே' என்று விட்டுவிட்டோம். சமநிலை தப்பிய இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அண்ணன் மீட்டரை வைத்து மூன்று ஒயருக்கும் இடையே அளந்து காட்டினார். இரண்டு சின்ன அளவுகளைக் கூட்டினால் மூன்றாவது பெரிய அளவு வந்தது. எந்த ஒயருக்கும் மோட்டார் கூட்டுக்கும் இடையே தொடர்பு இல்லை. ஆக, காயில் நன்றாக இருந்தது. எரிந்துபோச்சு என்று சொல்லப்பட்ட மோட்டார் எரியவே இல்லை. இரண்டு பேரிங்கும் புது இறக்கையும் போட்டு, கூலி உட்பட ஆயிரத்துச் சொச்சத்தில் ஓடியது. பேரிங் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஓரத்தில் பொறித்திருக்கும் எண் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். அதன் பின்னால் இசட்இசட் என்றிருந்தால் தகர மூடி, டூஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் ரப்பர் மூடியைக் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் சொற்பம்.

பேரிங் மாற்றுவது எல்லா மோட்டாருக்கும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்க்ரூ போட்ட தகரக் கூடு என்றால் பிரிக்கலாம். முழுக்கப் பிளாஸ்டிக் பிசினில் வார்த்த மோட்டார் என்றால் பிரித்தால் உடையும். ஷாஃப்ட் தேய்ந்து பேரிங் உள்வட்டம் லொடலொடவென்று ஆடினாலும் புதுப் பேரிங் போட்டுப் பயனில்லை.

எங்கள் பேரிங் வேலை அந்தக் கோடை முழுக்க நன்றாக ஓடியது. இந்த வருடம் சித்திரையில் ஒரு ராத்திரி கருகிய வாடை. இப்போது உண்மையிலேயே காயில் போய்விட்டது. காரணம் வேறு. ஸ்டெபிலைசர் பழுது என்று கழற்றி வைத்துவிட்டு, நேரடியாக ஓட்டிக்கொண்டிருந்தோம். காவிரித் தண்ணீருக்குக் கடைமடை நாங்கள், கரண்டுக்கும் அப்படியே. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து லைன் கடைசி வீடு. தெருவில் எல்லா ஏசியும் ஓடுகிற ராத்திரி பத்து மணிக்கு மீட்டரில் 170 வோல்ட் பார்த்திருக்கிறேன். இந்த வகை மோட்டாரின் இழுவை, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 170 என்றால் இழுவை கிட்டத்தட்டப் பாதிதான். ஃபேன் மெதுவாகச் சுற்றும், தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் காற்றும் குறையும், காயில் சூடேறும். ஆகவே நாங்கள் செய்த முதல் செலவு மோட்டாருக்கு அல்ல, ஸ்டெபிலைசருக்கு. அதைச் செய்யாமல் எந்த மோட்டாரைப் போட்டிருந்தாலும் அடுத்த சித்திரையில் மறுபடி திண்ணையில் தினத்தாள்தான் விரித்திருப்போம்.

இப்போது சித்தப்பாவின் யோசனைக்கு வருகிறேன், ஏனென்றால் டெல்டாவில் பாதிப் பேர் மனதில் இருப்பது அதுதான். பம்புசெட்டோடு வளர்ந்த ஊர் நாம். ஐந்து எச்பி மோட்டார் போனால் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காயில் கட்டி வந்து, மூன்றாம் நாள் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய தலைமுறை சித்தப்பாவுடையது. அந்த மோட்டாருக்கு அது முழுக்க நியாயம். கனத்த செம்புக் கம்பி, கையால் பிடித்துக் கட்ட இடம், புது மோட்டார் விலையில் ஒரு பங்குதான் கூலி. கட்டினால் பல வருடம் ஓடும்.

ஏசி ஃபேன் மோட்டார் அப்படி இல்லை. தலைமுடிக் கனத்தில் கம்பி, நூற்றுக்கணக்கில் சுற்று. பல கம்பெனிகள் அலுமினியக் கம்பியில் கட்டி அனுப்புகிறார்கள். நம் கடைகளில் செம்பில் கட்டும்போது கனத்தையும் சுற்றையும் மாற்றிக் கணக்குப் போட வேண்டும். கட்டியதை வார்னிஷில் முக்கி அடுப்பில் சுட்டு எடுக்க வேண்டும். வெயிலில் காய வைத்த வார்னிஷ் எங்கள் ஊர் ஈரத்துக்கு ஒரு மழைக்காலம் தாங்குவதே பெரிது. இதையெல்லாம்விட எனக்குப் பயமாகப் பட்டது ஒன்று: கம்பெனி மோட்டாரின் காயிலுக்குள் ஒரு சின்ன வெப்ப ஃபியூஸ் புதைத்திருப்பார்கள். மோட்டார் இறுகி நின்று சூடேறினால் அது அறுந்து மின்சாரத்தை நிறுத்தும். திருப்பிக் கட்டும்போது பலரும் அதை எடுத்துப் போட்டுவிட்டு நேராக இணைத்துவிடுகிறார்கள். அப்புறம் அந்த மோட்டார் இறுகி நின்றால் வெட்டிவிட ஆள் இல்லை.

அண்ணனிடமே கேட்டேன். ஆயிரம் ரூபாய் வரும் என்றார். கொஞ்சம் நிறுத்தி, "கட்டச் சொன்னா கட்டிருவேன் தம்பி. ஆனா விடிய விடிய ஓடுற மோட்டாரு. அம்மா படுத்திருக்க ரூமுக்கு என் மனசு ஒப்பல" என்றார். தன் கைக்கு வரும் வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் காயில் கட்டுவது தவறே என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். கும்பகோணத்தில் மாமா வீட்டில் பழைய ஜன்னல் ஏசி. அதில் ஒரே மோட்டார், இரண்டு பக்கமும் ஷாஃப்ட். ஒரு முனையில் உள் பிளோயர், மறு முனையில் வெளி ஃபேன். அந்த மாடலுக்குப் புது மோட்டார் தஞ்சாவூர், திருச்சி எங்கேயும் கிடைக்கவில்லை. கனமான இரும்புக் கூடு, பிரிக்க வாகானது. வெப்ப ஃபியூஸைப் புதிதாக வாங்கி வைத்துக் கட்டி, அடுப்பில் சுட்டுத் தருகிற கடையாகப் பார்த்துக் கொடுத்தோம். ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு மோட்டார் கிடைக்காத இடத்தில், ஃபியூஸும் அடுப்பும் உள்ள கடையில், காயில் கட்டுவது நல்ல முடிவுதான்.

எங்கள் வீட்டுக்கு மிச்சம் இருந்தது இரண்டு: கம்பெனி மோட்டார், அல்லது அதற்குப் பொருந்துகிற வேறு தயாரிப்பு மோட்டார். கம்பெனி மோட்டாருக்கு 3,400 சொன்னார்கள், வருவதற்குப் பத்து நாள். பொருந்துகிற மோட்டார் திருவாரூரிலேயே 1,800க்குக் கிடைத்தது. இன்வெர்ட்டர் இல்லாத ஏசியின் வெளி ஃபேனுக்கு மட்டும், அளவு சரியாக ஒத்துப்போனால், பொருந்துகிற மோட்டார் போதும் என்பது என் முடிவு. அது நேரடியாகக் கரண்டில் ஓடும் எளிய மோட்டார். ஏசியின் மின்னணு போர்டோடு பேச வேண்டிய வேலை எதுவும் அதற்கு இல்லை. அம்மாவுக்குப் பத்து நாள் காத்திருக்கவும் முடியாது.

ஆனால் 'ஒன்றரை டன்னுக்கு மோட்டார் கொடுங்க' என்று கேட்டு வாங்காதீர்கள். பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோங்கள். வாட்ஸ், நிமிடச் சுற்று, ஷாஃப்டின் கனம், நீளம், அதில் தட்டையாகச் சீவியிருக்கும் பக்கம், ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம், கெப்பாசிட்டர் எண், இவ்வளவும் ஒத்துப்போக வேண்டும். முக்கியமாகச் சுற்றும் திசை. எங்களுக்கு முதலில் கொடுத்த மோட்டார் எல்லா அளவிலும் ஒத்திருந்தது, சுற்றியது மட்டும் எதிர்ப்பக்கம். வெளி யூனிட்டின் ஃபேன் பின்பக்கக் காற்றைக் கண்டென்சர் வழியாக இழுத்து முன்பக்கம் தள்ள வேண்டும். முன்னால் பிடித்த தினத்தாள் துண்டு வலையோடு போய் ஒட்டிக்கொண்டது. தள்ளப்படுவதற்குப் பதில் உறிஞ்சப்பட்டது. அன்றே மாற்றி வாங்கினோம். ஒயர் நிறங்களும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பாமல் மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து இணைக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது ஒயரைக் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்ற வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் ஒயர் வழியே மோட்டாருக்குள் இறங்காமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

அக்கா வீட்டில் நேர்ந்தது வேறு ரகம். அது இன்வெர்ட்டர் ஏசி. வெளி ஃபேனில் பிஎல்டிசி மோட்டார், அதாவது போர்டின் சொல்படி நேர்மின்சாரத்தில் ஓடும் வகை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஐந்து ஒயர். ஒன்றில் 310 வோல்ட் நேர்மின்சாரம், ஒன்றில் 15 வோல்ட், ஒன்று பொது, ஒன்று வேகம் சொல்லும் ஒயர், ஒன்று 'நான் இத்தனை சுற்று சுற்றுகிறேன்' என்று போர்டுக்குத் திருப்பிச் சொல்லும் ஒயர். உள்ளேயே ஒரு சின்ன போர்டு. எல்லாம் பிசினில் வார்த்தது. இதில் காயில் கட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கெப்பாசிட்டரும் இல்லை. குச்சியால் தட்டிப் பார்க்கவும் கூடாது. எம்சிபியை இறக்கிய பிறகும் போர்டில் 310 வோல்ட் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். பத்து நிமிடமாவது விட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். கரண்டு இருக்கும்போது இந்த மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினாலோ செருகினாலோ மோட்டாரும் போகும், போர்டும் போகும்.

அக்கா வீட்டில் வந்தவர் அப்படித்தான் செய்தார். ஓடுகிறதா பார்ப்போம் என்று மெயினை நிறுத்தாமலே வேறு ஒரு மோட்டாரின் பிளக்கைச் செருகினார். மோட்டாரோடு போக வேண்டிய செலவு போர்டு வரை போனது. அத்தான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

ஆகவே இன்வெர்ட்டர் ஏசி என்றால் என் கருத்தில் தடுமாற்றமே இல்லை: அந்த மாடலுக்கான கம்பெனி மோட்டார்தான். விலை கூடுதல்தான், அக்காவுக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஆனது. ஆனால் மாட்டுவதற்கு முன் போர்டிலிருந்து 310, 15 இரண்டும் சரியாக வருகிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். போர்டு கெட்டிருந்தால் புது மோட்டாரையும் அது தின்றுவிடும்.

உள் யூனிட்டின் பிளோயர் மோட்டாருக்கும் இதே சட்டம். இன்வெர்ட்டர் இல்லாத ஏசியிலும் உள் மோட்டாரில் வேகத்தைத் திருப்பிச் சொல்லும் சென்சார் ஒன்று பெரும்பாலும் இருக்கும். பொருந்துகிற மோட்டாரில் அந்த சென்சாரின் துடிப்பு எண்ணிக்கை மாறியிருந்தால் ஏசி ஒரு நிமிடம் ஓடி நின்று விளக்கைச் சிமிட்டும். இந்த மோட்டாரைக் கழற்ற, உள் யூனிட்டில் கேஸ் ஓடுகிற குளிர்க் குழாய்த் தொகுதியைச் சற்றுத் தூக்க வேண்டியிருக்கும். குழாய் மடங்கி விரிசல் விடுவது இங்கேதான். கேஸ் பேச்சு நியாயமாக வருகிற ஒரே இடமும் இதுதான். கை பழகிய ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

பழைய இரும்புக் கடையில் கழற்றிய மோட்டார் ஐந்நூறுக்குக் கிடைக்கும். அது எந்த ஊர் உப்பைக் குடித்தது, எத்தனை மழைக்காலம் சும்மா நின்றது என்று சொல்ல ஆள் இல்லை. வேண்டாம்.

அக்கா சொன்ன புது ஏசி? மோட்டார் மட்டும் போயிருந்தால் அதற்காக ஏசியை மாற்றுவது வீண். ஆனால் மோட்டாரைக் கழற்றும்போதே பின்பக்கக் கண்டென்சரைப் பாருங்கள். தகடுகளை விரலால் தடவினால் மாவாக உதிர்கிறதா? குழாய் வளைவுகளில் எண்ணெய்க் கறை இருக்கிறதா? பழைய ஆர் 22 கேஸ் ஏசியா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் புது மோட்டாருக்குக் கொடுக்கிற பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த வருடம் கண்டென்சர் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படி வாங்கும்போது பத்து வருட வாரண்டி என்று பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். ஃபேன் மோட்டாருக்கு எத்தனை வருடம் என்று தனியாகக் கேளுங்கள். எங்கள் கண்டென்சர் உப்பிலும் உறுதியாக இருந்தது. அதனால் மோட்டாரோடு நிறுத்திக்கொண்டோம்.

மழை தொடங்கிய பிறகு இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, வெயில் எட்டிப் பார்க்கிற நாளாகப் பார்த்து, கால் மணி நேரம் ஏசியை ஓட்டிவிடுகிறேன். அறை ஏற்கெனவே குளிர்ந்திருந்தால் வெளி யூனிட் ஓடாது; ரிமோட்டில் 18க்கு இறக்கி, ஃபேன் சுற்றுகிறதா என்று மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அம்மாவுக்குக் கம்பளி போர்த்திவிட்டுத்தான் போடுவேன். தார்ப்பாய் போட்டு யூனிட்டை மூட்டையாகக் கட்டுவதையும் நிறுத்திவிட்டோம். உள்ளே ஈரம் புழுங்கித் துருதான் ஏறுகிறது. மேலே மட்டும் ஒரு தகரம் சாய்த்திருக்கிறேன். புது மோட்டாரின் ஸ்டிக்கரை மாட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்தாகிவிட்டது. வெளியே நான்கு வருடம் நின்றால் அந்த எழுத்து வெயிலில் அழிந்துவிடும். போனில் அது அம்மாவின் மருந்துச் சீட்டுகளோடு ஒரே ஃபோல்டரில் இருக்கிறது.